மாடி அறை நோட்டீஸ் குறித்துச் சம்பந்திக்கு

வண்டியூர் தெப்பக்குளம் அருகில்,
மதுரை.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ராஜகுரு அவர்களின் சமூகத்திற்கு, ராமமூர்த்தி மிகுந்த தயக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் சாரதாம்பாளும் உடம்பளவில் சுகம். திண்டுக்கல்லில் தாங்களும் சம்பந்தியம்மாளும் எல்லா வகையிலும் சுகமாக இருக்க வேண்டும். தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான இந்துப்ரியாவின் சுகத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியாததால், விசாரித்ததாக மட்டும் வைத்துக்கொள்ளவும். நம் வீட்டுப் பாஷையைப் பேசுகிறோமே தவிர அதில் எழுதிப் பழக்கமில்லை. ஆகவே தமிழில் எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் தாங்கள் 'அலோ' என்று சொல்லும் வேகத்திலேயே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

குழப்பம் வராமலிருக்க, எழுதப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. இந்துப்ரியாவின் வருமான வரிக் கணக்கு என் கைக்கு வந்த விதம். அதனால் ஒரு பூசணிக்காய் அழுகிப் போன விதம்.
2. மாடி அறைக்கு வாடகை ஒப்பந்தம் போட்டது.
3. மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியிடம் நான் உண்மை பேசியது.
4. நோட்டீஸ்.
5. என் இடத்தில் தாங்கள் இருந்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது என்பது.
6. வேண்டுகோள்.

நாலாவதைப் படிக்கும்போது தாங்கள் கோபத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடக்கூடும் என்பதால் ஆறாவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இந்துப்ரியாவைத் திரும்ப அனுப்பிவையுங்கள். அவளை யாரும் வீட்டைவிட்டு வெளியேற்றவில்லை. வெளியேற்றியதுபோல ஒரு காகிதம் மட்டும் போயிருக்கிறது. அது என் கையெழுத்தில் இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை.

முதலாவது. தங்கள் மகள் வெளிதேசத்துக் குழந்தைகளின் புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து சம்பாதிக்கிறாள் என்பது தாங்கள் அறிந்ததே. மாடியில் உட்கார்ந்து கரடிக்குச் சட்டை போடுகிறாள், ஆந்தைக்குக் கண்ணாடி மாட்டுகிறாள், அதற்கு எங்கிருந்தோ பணம் வருகிறது. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு வரியைக் கம்பெனியே பிடித்துக்கொள்ளும், காப்பீட்டையும் கம்பெனியே எடுத்துத் தரும். இவளுக்குக் கம்பெனியும் இவள்தான், சிப்பந்தியும் இவள்தான். போன வருஷம் ஆடிட்டர் அழகுபாண்டியிடம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இந்த வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது, "மாமா, பில்லெல்லாம் கலைஞ்சு கெடக்கு, கொஞ்சம் அடுக்கிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். அடுக்கத்தான் சொன்னாள். ஆனால் வாழ்நாளெல்லாம் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கிய எனக்கு, வகை பிரிக்காமல் அடுக்கத் தெரியாது; வகை பிரித்தால் சந்தேகம் வராமலும் இருக்காது. அப்போது அவள் காய்கறிகளுக்குக் கல்யாணம் நடப்பதாக ஒரு புத்தகத்துக்கு வரைந்துகொண்டிருந்தாள். பரவை மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பெரிய பூசணிக்காயும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வந்து, மேஜைமேல் மாப்பிள்ளை வீடு பெண் வீடு என்று உட்கார வைத்து வரைந்தாள். அந்த ஒரு காட்சி முடிந்ததும் சாரதாம்பாள் சாம்பாருக்கு எடுக்கப் போனாள். நான் வாசலில் மறித்து நின்றேன். அது தொழில் செலவில் எழுதப்பட்ட பூசணி. சாப்பிட்டால் குடும்பச் செலவாகிவிடும். குடும்பச் செலவைத் தொழில் செலவாகக் காட்டினால் அது வரி ஏய்ப்பு.

"முருங்கைக்காய்க்குமா வருமான வரி? தள்ளுங்க, பருப்பு வெந்து குழையுது" என்றாள் சாரதாம்பாள்.

படத்தில் பூசணியின் முன்பக்கம் மட்டுமே தெரிகிறது, ஆகவே பின்பக்கத்தைச் சமைக்கலாமா என்றுகூட யோசித்தேன். நான் முடிவுக்கு வருவதற்குள் பூசணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. மாடி முழுக்க வாடை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அந்தப் பெண் மீதிக் கல்யாணத்தை வரைந்து முடித்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேனோ என்னவோ, அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

இரண்டாவது. தொழில் நடக்கும் இடத்துக்குக் கொடுக்கும் வாடகையைச் செலவில் காட்டலாம் என்று பத்திரிகையில் படித்தேன். வீடு என் பேரில் இருக்கிறது. அவள் எனக்கு வாடகை கொடுப்பது, நான் அதை என் வருமானத்தில் காட்டி வரி கட்டுவது, மீதியை வீட்டுச் செலவுக்கே போடுவது என்று கணக்கிட்டேன். கையில் நாடாவோடு மாடி அறையை அளந்தேன். துணி காயப்போடும் மூலை தொழிலைச் சேர்ந்ததல்ல என்று கழித்தேன். மின்விசிறி பாதி நேரம் தொழிலுக்கும் பாதி நேரம் தூக்கத்துக்கும் சுற்றுவதால் அதற்குத் தனிக்கணக்கு வைத்தேன். அதற்காக மணிக்கொரு தரம் மாடிக்குப் போய், அவள் வரைகிறாளா படுத்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இப்போது எழுதும்போதுதான் அது எப்படித் தோன்றியிருக்கும் என்று உறைக்கிறது. சாரதாம்பாள் அப்போதே சொன்னாள், "மருமககிட்ட வாடகை வாங்குறோம்னு வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க" என்று. நான் கேட்கவில்லை. முத்திரைத்தாள் வாங்கிப் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதினேன். மாதிரிக்கு ஒரு பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதியதில், வாடகைதாரர் ஆடு மாடு வளர்க்கக் கூடாது, உள்வாடகைக்கு விடக் கூடாது, கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும் அல்லது காலி செய்ய வேண்டும் என்பனவெல்லாம் அப்படியே வந்துவிட்டன. சட்டத்தின் வாசகத்தில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. இந்துப்ரியா படித்துப் பார்த்துவிட்டு, "மாமா, கரடி வளக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர் ஏதோ ஆசைப்படுகிறார் என்ற பெருந்தன்மை அது.

மூன்றாவது. அவளுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க விண்ணப்பம் போட்டபோது, வேலைக்கு நடுவில் தொந்தரவு வேண்டாம் என்று என் போன் எண்ணைக் கொடுத்திருந்தாள். கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். முன்பு ஏதாவது நோய் உண்டா என்று கேட்டாள். மறைத்தால் பிற்பாடு பணம் தரமாட்டார்கள் என்று நானும் எத்தனையோ படித்திருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கழுத்து வலி உண்டு, ஏனென்றால் குனிந்தே வரைகிறாள். கண் எரிச்சல் உண்டு. சின்ன வயதில் ஒருமுறை இழுப்பு வந்ததாகத் தங்கள் வீட்டில் யாரோ கல்யாணத்தின்போது சொன்னதாக ஞாபகம். அடிக்கடி பெருமூச்சு விடுகிறாள், காரணம் தெரியவில்லை.

"பெருமூச்சா சார்? மூச்சுத் திணறலா?"

"பெருமூச்சுதாம்மா. நான் மாடிக்குப் போறப்பல்லாம் விடுறா."

"வேற ஏதாச்சும் இருக்கா சார்?"

"ரத்த அழுத்தம் உண்டு. மாடி ஏறுனா முழங்கால் பிடிக்கும்."

"சார், இது அவங்களுக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தாம்மா. ஆனா ஒரே வீட்டுல இருக்கோம், எதுக்கும் குறிச்சுக்குங்க."

அவள் குறித்துக்கொண்டாள். விளைவாக, காலையில் வெறும் வயிற்றோடு இந்துப்ரியா ரத்தப் பரிசோதனைக்கும் நெஞ்சுப் படத்துக்கும் போக வேண்டியதாயிற்று. முப்பது வயது நிரம்பாத பெண் டிரெட்மில்லில் ஓடிக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தும், கழுத்துக்கும் முதுகுக்கும் சில வருஷங்களுக்குக் காப்பீடு கிடையாது என்றும், பிரீமியம் கூடுதல் என்றும் கடிதம் வந்தது. அவள் தொழிலே கழுத்தால் நடப்பது, அந்தக் கழுத்தைத்தான் நான் பேசியே காப்பீட்டுக்கு வெளியே தள்ளினேன். அன்றும் அவள் பெருமூச்சுதான் விட்டாள்.

நாலாவது. பதினோரு மாதக் கெடு முடியும் சமயம் வந்தது. நேரில் சொன்னால் போதும் என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். எனக்கு, நாளை ஒரு அதிகாரி கேட்டால் மாமனாரும் மருமகளும் சேர்ந்து எழுதிக்கொண்ட பொய் ஒப்பந்தம் என்று நினைத்துவிடுவாரே என்ற பயம் வந்தது. உண்மையான வீட்டுக்காரர் என்ன செய்வாரோ அதையே செய்துவிடுவது என்று ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'மேற்படி வாடகைதாரர் இதைக் கண்ட பதினைந்து தினங்களுக்குள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. தவறினால் அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டியது.' பதிவுத் தபாலை இப்போது விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்களாமே, ஆகவே அதில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினேன். அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கத்தான் நினைத்தேன். வேலையாக இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்று விட்டேன்; சாப்பாட்டு நேரத்தில் மறந்துவிட்டேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை சாரதாம்பாள் தெருப் பெண்களை மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்திருந்தாள். கூடம் நிறையப் பேர். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் கருத்தக்கண்ணன் வந்தார். நல்ல மனிதர், குரல்தான் பெரிது.

"என்னய்யா இது! அனுப்புனவுகளுக்கும் வாங்குறவுகளுக்கும் ஒரே கதவு நம்பரு? மாடிப்படி ஏறி நீங்களே குடுத்திருக்கலாம்ல? இம்புட்டுத் தூரத்துக்கு எதுக்கு நானு?"

"சட்டப்படி நான் கையில கொடுக்கக் கூடாது கண்ணன்" என்றேன் மெதுவாக.

"சட்டமா? மருமகளுக்கா?" என்றார் அவர், மெதுவாக அல்ல.

கூடத்தில் குங்குமச்சிமிழ் அப்படியே நின்றது. இந்துப்ரியா இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே பிரித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டாள். இவள் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் 'மாமனார் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் விட்டுட்டார்' என்று யாரோ போன் செய்து, திண்டுக்கல்லிலிருந்து தங்கள் அழைப்பும் வந்துவிட்டது. அந்த வேகம் மட்டும் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவள் கோபப்படவில்லை, சம்பந்தி. எல்லோரும் போன பிறகு என்முன் வந்து நின்று, "மாமா, நான் வாடகையை ஒழுங்காத்தானே குடுத்தேன்?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். முடிக்கும்போது குரல் வேறாக இருந்தது. அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது எத்தனையோ இருந்தது. இது வெறும் காகிதம் அம்மா, கிழித்துப் போடு என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது:

"ஜூன்ல மட்டும் ரெண்டு நாள் தாமதம்மா."

உண்மைதான். உண்மை என்பதைத் தவிர அந்தப் பதிலுக்கு வேறு எந்த நியாயமும் இல்லை. அவள் மாடிக்குப் போனாள். கணினியையும் வரைபலகையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். "முடிக்க வேண்டிய வேலை இருக்கு அத்தை, போயிட்டு வாரேன்" என்று சாரதாம்பாளிடம் சொல்லிவிட்டு, சாவியை என்னிடம் நீட்டினாள். நான் கை நீட்டி வாங்கியும் கொண்டேன். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. ஓசூரில் வேலையிலிருக்கும் என் மகன் ஸ்ரீனிவாஸ் போனில் கேட்டான்: "அப்பா, லைப்ரரில புக்கைத் திருப்பிக் குடுக்காதவனுக்குக் கார்டு போடுவீங்களே, அதை எம் பொண்டாட்டிக்கே போட்டுட்டீங்களா?" பெற்ற பிள்ளை இப்படிக் கேட்டதும் போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவளும் என் பக்கம் பேசவில்லை.

மனம் பொறுக்காமல் மறுநாள் ஆடிட்டர் அழகுபாண்டியிடம் போனேன். உசிலம்பட்டிக்காரர், என் மகன் வயதுதான் இருக்கும். என் கோப்புகளையும் ஒப்பந்தத்தையும் மின்விசிறிக் கணக்கையும் அவர் மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, சொன்னா வருத்தப்படக் கூடாது. உங்க மருமகளுக்கு வரவுல ஒரு பங்கை லாபம்னு காட்டிட்டுப் போற வழியிலதான் போன வருசமே போட்டேன். இந்த வருசமும் அதான். அதுல செலவுக்கு ரசீதே வேணாம்."

"வாடகை?"

"வேணாம்."

"பூசணிக்காய்?"

"அதைச் சாம்பார் வச்சிருக்கலாம்யா."

சம்பந்தி, கோப்புகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு காசையும் நான் சேமித்துத் தரவில்லை. வாடகையை என் வருமானத்தில் காட்டியதால் நான் கூடுதலாக வரி கட்டியிருக்கிறேன், அதுதான் இந்த வீட்டில் என் கணக்கால் விளைந்த ஒரே பலன். நான் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல எண்ணத்தோடு ஒருவன் மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தால், பார்க்கப்படுகிறவளுக்குத் தொந்தரவு எவ்வளவு குறையும்?

ஐந்தாவது. இதை நான் முகத்துதிக்காக எழுதவில்லை. தாங்கள் இத்தனை காலம் துணிக்கடை நடத்தியவர். எந்த அதிகாரி வந்தாலும் நாற்காலி போட்டு, டீ சொல்லி, நேருக்கு நேர் பேசி அனுப்புகிறவர். பயம் என்பதே தங்களிடம் கிடையாது. பிள்ளைகள் வேலையில் தலையிடாமல் அவர்களை அவர்கள் போக்கில் விட்டு வளர்த்தவர். இல்லாவிட்டால் நம் சமூகத்தில் எந்தத் தகப்பன் பெண்ணைப் படம் வரையப் படிக்க வைப்பான்? என் இடத்தில் தாங்கள் இருந்திருந்தால் அந்த மாடியில் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. அங்கே அவள் இப்போது நிம்மதியாக வரைந்துகொண்டிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது எனக்கு ஒரு ஆறுதல், ஒரு தண்டனையும்கூட.

ஆறாவதை மேலேயே சொல்லிவிட்டேன். அதோடு ஒரு உறுதிமொழி: இனி அவளுடைய வரிக்கணக்கையோ காப்பீட்டையோ நான் விரலால் தொடமாட்டேன். கோப்புகள் அனைத்தையும் அழகுபாண்டியிடம் ஒப்படைத்துவிடுவேன். ஒப்பந்தத்தை நானே கிழித்துவிட்டேன். முத்திரைத்தாளைக் கிழிக்கலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. அதையும் மீறிக் கிழித்தேன். சாரதாம்பாள் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாள். இந்துப்ரியாவுக்கு இஷ்டமிருந்தால் வரட்டும். இஷ்டமில்லாவிட்டால் அங்கேயே இருக்கட்டும், ஆனால் நாங்கள் அனுப்பிவிட்டோம் என்ற எண்ணத்தோடு இருக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். பெருமாள் கிருபையால் தங்கள் கடையும் குடும்பமும் மேன்மேலும் விருத்தியாக வேண்டும். இந்துப்ரியாவுக்கு என் ஆசீர்வாதத்தை, அவள் ஏற்றுக்கொள்கிற மனநிலையில் இருக்கும்போது சொல்லவும்.

இப்படிக்குத் தங்கள்,
ராமமூர்த்தி

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது இந்துப்ரியாவே போன் செய்தாள். முதலில் சாரதாம்பாளிடம் பேசிவிட்டு, பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாளாம். நம் பாஷையில் அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ஏதாவது தப்பாகக் கேட்டிருந்தால் தாங்கள் திருத்தவும்.

"மாமா, அப்பா என் க்ளையன்ட்கூட பேசிட்டாரு" என்றாள்.

அவள் வெளிதேசத்து அம்மாளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, தாங்கள் பனியனோடு பின்னால் வந்து நின்று, இத்தனை கரடிக்கு இந்த விலை கட்டுப்படியாகாது, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டீர்களாம். அந்த அம்மாள் தங்களையும் வரைகிற ஆள் என்று நினைத்துக்கொண்டு மாதிரிப் படம் கேட்டிருக்கிறாளாம். அதற்கடுத்து, பில்லைச் சம்பந்தியம்மாள் பேரில் பாதி, தங்கள் அத்தை பேரில் பாதி என்று பிரித்துப் போட்டால் வரியே வராது என்று யோசனை சொன்னீர்களாம். காப்பீட்டுக் கம்பெனியிடம் என் எண்ணை மாற்றித் தன் எண்ணைக் கொடுத்திருந்தாளாம்; அவர்கள் பேசியபோது தாங்கள் போனைப் பிடுங்கி, 'எம் பொண்ணுக்குச் சளிகூடப் பிடிச்சதில்ல, வலியெல்லாம் அவ மாமனாருக்குத்தான்' என்று சொல்லி வைத்துவிட்டீர்களாம். இரண்டு பெரியவர்களில் யார் சொல்வது உண்மை என்று கேட்டு அவர்கள் இப்போது புதிதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள்.

"நீங்க பயந்து பயந்து ஒரு வருசமா கெடுத்தீங்க மாமா. அவரு பயப்படாம ஒரே வாரத்துல முடிச்சுட்டாரு. நாளைக்குக் காலைல பஸ்ல வாரேன். ரூமுக்குள்ள வர்றதுன்னா கதவைத் தட்டுங்க. ஃபைலை ஆடிட்டர்கிட்ட குடுத்துடாதீங்க, நீங்களே வச்சுக்குங்க. அடுக்குங்க, நம்பர் போடுங்க, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க."

ஆகவே நான் மேலே செய்த உறுதிமொழி நிற்கவில்லை. இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் அவள் அங்கிருந்து புறப்பட்டிருப்பாள் என்பதால் வேண்டுகோளும் தேவைப்படவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவள் பெட்டியைக் கட்டும்போது தாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பதை நினைக்கும்போது சந்தோஷம் வரவில்லை. அந்த நேரத்தில் நாமெல்லாம் சாவியைப் பற்றியோ பஸ் நேரத்தைப் பற்றியோ ஏதாவது சொல்வோம். பரவாயில்லை, சம்பந்தி.

ஒன்று மட்டும் எழுதாவிட்டால் கணக்கு நேராகாது. மேலே வரிசையில் ஐந்தாவதாக, என் இடத்தில் தாங்கள் இருந்திருந்தால் என்று நான் குறிப்பிட்டிருந்தது பிழை. அடித்துவிட்டு எழுதியிருப்பேன், அடித்தல் திருத்தல் உள்ள கடிதத்தைப் பெரியவர்களுக்கு அனுப்புவது மரியாதையல்ல என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். மன்னிக்கவும்.